பின்பக்கம் ஒன்றும் இல்லாத அறை

இரண்டு நாள் ஊர் சுற்றப் போகிறவர்கள் தங்குவதற்கு இடம் தேடும்போது எதையெல்லாம் பார்ப்பார்களோ, எனக்குத் தெரியாது. கடல் தெரிகிறதா, காலைச் சாப்பாடு உண்டா, குளிக்கச் சுடுதண்ணீர் வருமா என்று பார்ப்பார்களாம். என் வீட்டுக்காரர்தான் சொன்னார். நாங்கள் பார்த்தது ஒன்றே ஒன்று. கட்டிடத்துக்குப் பின்னால் மலை இருக்கிறதா, இல்லையா. அதைக் கேட்கிறவர்களுக்கென்று, ரூம் தேடுகிற அந்தப் போனுக்குள் டிக் போட ஒரு கட்டம்கூட வைக்கவில்லை. நீச்சல் குளத்துக்குக் கட்டம் இருக்கிறது. நாய்க்குட்டியைக் கூட்டி வரலாமா என்பதற்கும் ஒரு கட்டம் இருக்கிறது. அட போங்கப்பா என்று ஆகிவிட்டது எனக்கு.

எல்லாம் என் தங்கச்சிக்காகத்தான். அவள் தெமோதரைக்கு மேலே ஒரு தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவள். அவள் புருஷனுக்குக் கட்டாரில் கட்டிட வேலை. அவளும் பாப்பாவும் மட்டும்தான் லயத்தில், கடைசிக் காம்பராவில் இருந்தார்கள். லயம் என்றால் தோட்டத்து ஆட்களுக்கு வரிசையாகக் கட்டின வீடுகள், காம்பரா என்றால் அதில் ஒரு வீடு. ஒரே அறை, முன்னால் இஸ்தோப்பு என்று ஒரு சின்னத் திண்ணை, பின்சுவரை ஒட்டினாற்போல் மண்மேடு. வெள்ளைக்காரன் காலத்தில் மேட்டை வெட்டித்தான் லயம் கட்டினார்கள். அந்த மேட்டில் பூசணிக்கொடி ஏற்றுவோம், விறகு அடுக்குவோம். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்று ரொம்ப காலம் எவனும் சொல்லவில்லை. பிறகு அரசாங்க ஆபிஸ்காரர்கள் வந்து சொன்னார்கள். சொன்னவர்கள் போக ஒரு இடத்தைக் காட்டாமல் போய்விட்டார்கள்.

அந்தக் கிழமை முழுவதும் விடாத மழை. அன்றைக்குப் பகல் மலையிலிருந்து தொப்பலாக நனைந்து வந்தவள், பாப்பாவுக்குச் சோறு ஊட்டி, பக்கத்தில் போட்டுத் தட்டிக்கொண்டே கொஞ்சம் கண்ணை மூடியிருக்கிறாள். மண் பின்சுவரோடு சேர்ந்து உள்ளே வந்துவிட்டது. அடுத்த லயத்துக்காரர்கள் மண்வெட்டியோடு ஓடிவந்து தோண்டினார்கள், மண்வெட்டி இல்லாதவர்கள் கையால் தோண்டினார்கள். தங்கச்சியை எடுத்தார்கள். பாப்பாவையும் எடுத்தார்கள், ஆனால் நேரமாகிப் போயிருந்தது. அடுத்த வருஷம் பள்ளிக்கூடம் சேர்க்க இருந்த பிள்ளை. எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் பிள்ளையில்லை. பாப்பாதான் எங்களுக்கும் பிள்ளை. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத என்னால் முடியாது.

அதற்குப் பிறகு தங்கச்சி வாயிலிருந்து வந்ததெல்லாம் ஒரே பேச்சுத்தான். "நா தூங்கிட்டேன்க்கா." யார் வந்தாலும் அதுதான். சாவு வீட்டுக்கு வந்தவர்களிடம், கிராம சேவகரிடம், கருமாதிக்குப் பறந்து வந்த புருஷனிடம், எல்லோரிடமும் அதையே சொன்னாள். அவன் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். லீவு முடிந்ததும் போய்விட்டான். போகாமல் என்ன செய்வான், பாவம்.

நான் அவளைப் பதுளைக்கு எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன். நான் டவுனில் ஒரு துணிக்கடையில் நிற்கிறேன், என் வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுகிறார். வாடகை வீடு, சின்ன வீடு, ஆனால் உறுதியான வீடு. ஆனால் பதுளையில் மலை தெரியாத ஜன்னலுக்கு எங்கே போவது? ஊரே ஒரு சட்டிக்குள் இருக்கிற மாதிரித்தானே இருக்கிறது. அவள் படுக்கவே மாட்டாள். பகலில் எப்போதாவது உட்கார்ந்தபடியே தலை சாயும். சாய்ந்த உடனே உடம்பு தூக்கிப் போடும், எழுந்து நின்றுவிடுவாள். மழை பெய்தால் கேட்கவே வேண்டாம். காலில் செருப்பை மாட்டிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்துகொள்வாள். "படுடி கொஞ்சம்" என்றால், "மழை விடட்டும்க்கா" என்பாள். எங்கள் ஊரில் மழை எப்போது விட்டது?

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். தூக்க மாத்திரை கொடுத்தார்கள். தூங்கினதால்தான் பிள்ளை போச்சு என்று நினைக்கிறவளிடம் தூக்க மாத்திரையைக் கொடுத்தால் அவள் என்ன செய்வாள்? அடுப்புச் சாம்பலுக்குள் போட்டுவிட்டு, விழுங்கிவிட்டேன் என்றாள். சாம்பல் அள்ளும்போது எனக்கு வெள்ளை வெள்ளையாகக் கிடைத்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அவளை இரண்டு அறை அறைந்திருப்பேன். அப்புறம் சமையலறையிலேயே உட்கார்ந்து அழுதேன்.

அந்த டொக்டர் அம்மா நல்லவர். மாத்திரை விஷயத்தைச் சொன்னதும் திட்டவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, இரண்டு நாளைக்கு மலையே இல்லாத இடமாகப் பார்த்து எங்கேயாவது கூட்டிப் போங்கள் என்றார். ஒரு தடவை அசந்து தூங்க வேண்டும், கண் விழிக்கும்போது எல்லாம் தூங்கினபோது இருந்த மாதிரியே இருப்பதைப் பார்க்க வேண்டும், அது போதும், உடம்பு அப்புறம் தானாகவே பழகிக்கொள்ளும் என்றார். அதை என்னால் மறக்கவே முடியவில்லை. ஒரே ஒரு தூக்கம். கண் விழிக்கும்போது எல்லாம் அப்படியே இருக்க வேண்டும். அவ்வளவுதானே, அதைக்கூடச் செய்யமுடியாதா நமக்கு என்று பஸ்ஸில் வரும்போதே முடிவு பண்ணிவிட்டேன்.

முதலில் சொந்தக்காரர்களோடு ஒரு சண்டை. எங்கள் ஆட்கள் வெளியூரில் தங்குவதென்றால் இரண்டே இடம்தான். ஒன்று கதிர்காமத்து மடம், இல்லாவிட்டால் சொந்தக்காரர் வீடு. காசு கொடுத்து ரூம் போடுகிறவன் ஒன்று வீட்டை விட்டு ஓடி வந்த ஜோடியாக இருப்பான், இல்லாவிட்டால் பணத்திமிர் பிடித்தவனாக இருப்பான். என் வீட்டுக்காரரின் அத்தை கொட்டாஞ்சேனையில் மாடி வீட்டில் இருக்கிறார். நாங்கள் கொழும்புக்கு வருவது எப்படியோ அவர் காதுக்குப் போய்விட்டது. போனிலேயே வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார்.

"ஏன்டா, நாங்க என்ன செத்தா போயிட்டோம்? ரூம் போடுறாங்களாம் ரூமு! சோறு போட மாட்டோம்னு நெனச்சியா? பாயி இல்லயா எங்க வீட்ல?"

"இல்லங்கத்த, அதுக்கில்ல..." என்று இவர் இழுத்தார். ஆட்டோவில் ஏறுகிறவர்களிடம் அந்தக் கத்துக் கத்துகிற மனுஷன், அத்தையிடம் பூனைக்குட்டி.

அத்தை கெட்டவர் இல்லை. ஆனால் எங்கள் பெண்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. சாவுக்கு வரமுடியாமல் போனவர்கள், பறிகொடுத்தவளை முதல் தடவை எங்கே பார்க்கிறார்களோ அங்கேயே கழுத்தைக் கட்டிக்கொண்டு, செத்தவர் பேரைச் சொல்லிப் பாடி அழ வேண்டும். அழாவிட்டால் உறவு இல்லை என்று அர்த்தம். அந்த வீட்டில் ஐந்தாறு பெண்கள். ஒவ்வொருத்தியும் ஒரு மூச்சு அழுது முடிப்பதற்குள் தங்கச்சி என்ன ஆவாள்? பதுளையில் பஸ் ஸ்டாண்டில்கூட அவளைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறார்கள். அவளை யாருக்குமே தெரியாத ஓர் இடம் வேண்டும், அப்படிப்பட்ட இடம் ரூம்தான். மேலும் அத்தை வீடு இருப்பது உச்சி மாடியில். தங்கச்சியிடம் ஒரு பேச்சுக்குக் கேட்டேன். "அங்கேருந்து எப்படிக்கா எறங்கி ஓடுறது?" என்றாள். அதோடு அந்தப் பேச்சை விட்டேன்.

பிறகு ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் மூன்று பேரும் போனைச் சுற்றி உட்கார்ந்தோம். என் வீட்டுக்காரர் முதலில் கண்டியைக் காட்டினார். ஜன்னல் நிறைய பச்சைப்பசேல் என்று மலை. மலை தெரிகிற அறை என்று பெருமையாகப் போட்டு, அதற்கென்று வாடகையும் கூட்டியிருந்தார்கள். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மலையைப் பார்க்கக் காசு கொடுக்கிறவனைக் கூட்டி வந்து, விடியற்காலையில் பேர் கொடுக்கிற பெரட்டில் கொழுந்துக் கூடையோடு வரிசையில் நிறுத்த வேண்டும்.

"அறிவிருக்காங்க ஒங்களுக்கு? இவளுக்குப் போயி இதக் காட்டுறீங்க!"

"சரி சரி, கத்தாத. தள்ளிட்டேன் பாரு." அடுத்ததைத் தள்ளினார். அது நுவரெலியா. நான் பார்த்த பார்வையில் அவரே போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார். தங்கச்சி லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது.

கடைசியில் கொழும்புதான் என்று முடிவாயிற்று. எத்தனையோ படம் பார்த்தோம். கட்டில், கட்டில்மேல் மடித்து வைத்த துண்டு, பூச்சாடி, குளியலறைக் கண்ணாடி. தங்கச்சி ஒன்றையும் பார்க்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்விதான் கேட்டாள். "பின்னாடி என்னா இருக்கு?" எந்தப் படத்திலும் அது இல்லை. உலகத்தில் ஒருத்தனும் கட்டிடத்தின் முதுகைப் படம் பிடித்துப் போடமாட்டான் போலிருக்கிறது.

வெள்ளவத்தைப் பக்கம் ஒரு சின்ன விடுதி பிடித்திருந்தது. என் வீட்டுக்காரர் அங்கே போன் போட்டார். விடுதிக்காரி ஒரு சிங்கள நோனா. இவருக்குச் சிங்களம் நன்றாக வரும். கட்டில் நல்லதா, ஃபேன் ஓடுமா என்று எதுவும் கேட்காமல், பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்டார். அந்த நோனாவுக்குக் கோபம் வந்துவிட்டது. குப்பை கொட்டுகிற இடம் இருக்கிறதா என்று கேட்பதாக நினைத்துக்கொண்டார். எங்கள் இடம் சுத்தமான இடம், பின்னால் ஒன்றுமே இல்லை, ஒரு சின்ன வாய்க்கால், அதற்கு அந்தப் பக்கம் ஒரு மதில், அவ்வளவுதான் என்று வெட்டினாற்போல் சொன்னார்.

"ஒண்ணுமே இல்லையாம்" என்று இவர் எங்களிடம் சொன்னபோது எனக்குச் சந்தோஷத்தில் வயிறு குளிர்ந்தது. மேல்மாடியில் பல்கனியோடு அறை இருக்கிறது, அதே வாடகைக்குத் தருகிறேன் என்று நோனா கோபம் தணிந்து சொன்னார். வேண்டவே வேண்டாம், கீழ்தான் வேண்டும், வாசலுக்குப் பக்கத்து அறையாகக் கொடுங்கள் என்று நாங்கள் அடித்துப் பேசி வாங்கினோம். கீழ் அறையை இப்படி ஆசைப்பட்டுக் கேட்டவர்கள் அதற்கு முன்னும் பின்னும் யாரும் இருக்கமாட்டார்கள். வாய்க்கால் என்று அவர் சொன்னது என் காதில் விழாமல் இல்லை. விழுந்தது. எங்கள் ஊரிலும்தான் வாய்க்கால் இருக்கிறது. மேலே இருந்து வரும், கீழே ஓடும், நம்மைத் தாண்டினால் அது நம் தண்ணீர் இல்லை. அதைப் பார்த்து யார் பயந்தார்கள்? எங்களுக்கு மண்தான் எதிரி.

புதுவருஷம் கழிந்து கொஞ்ச நாளில் புறப்பட்டோம். காலைக் கொழும்பு பஸ். எல்லோரும் பள்ளத்தாக்கை வேடிக்கை பார்க்க அந்தப் பக்கத்து ஜன்னலுக்கு அடித்துக்கொள்வார்கள். தங்கச்சியும் அந்தப் பக்கம்தான் கேட்டாள், இந்தப் பக்கத்து வெட்டிய மேட்டைப் பார்க்காமல் இருக்க. தெமோதரையில், அவள் தோட்டத்துக்குத் திரும்புகிற சந்தி வந்தபோது, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு என் கையைப் பிடித்தாள். பண்டாரவளை வரைக்கும் விடவில்லை. கை விரலெல்லாம் எனக்கு மரத்துப்போயிற்று. நானும் எடுக்கவில்லை.

இரத்தினபுரி தாண்டி, அவிசாவளையும் தாண்டின பிறகு ரோடு சமமாயிற்று. அவள் எழுந்து நின்று பின்கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தாள்.

"மலை முடிஞ்சிருச்சாக்கா?"

"முடிஞ்சிருச்சுடி."

"இனி வராதே?"

"வராது. கடல்தான் வரும்."

உட்கார்ந்தாள். பையிலிருந்து ரொட்டியை எடுத்து, சம்பல் தொட்டுத் தின்றாள். நானாகக் கொடுக்காமல் அவளாக எடுத்துத் தின்றது எவ்வளவோ நாளைக்குப் பிறகு. நான் பார்க்காத மாதிரி முன்சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விடுதி படத்தில் பார்த்த மாதிரியேதான் இருந்தது, துண்டு மட்டும் பழசு. நோனா நேரில் ரொம்ப அன்பு. போனில் எரிந்து விழுந்ததற்காகவோ என்னவோ, வந்ததும் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார். எந்த ஊர் என்று கேட்டார். பதுளை என்றோம். ஆ, அங்கே இருந்து வருகிற தேயிலைதான் இது என்றார். குடித்துப் பார்த்தால் சலித்துக் கழித்த வெறும் தூள். மடமடவென்று குடித்து வைத்தேன்.

முதல் ராத்திரி அவள் படுக்கவில்லை. நாற்காலியைக் கதவோரமாக இழுத்துப் போட்டுச் செருப்போடு உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அழுகையாக வந்தது. இவ்வளவு தூரம் வந்து இதுதானா என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன்.

காலையில் கடல்பக்கம் நடந்தோம். அவள் கடலைப் பார்த்த நேரம் கொஞ்சம்தான். தெருக்களைத்தான் பார்த்தாள். ஒவ்வொரு குறுக்குத் தெருவிலும் நின்று அதன் கடைசி வரைக்கும் பார்ப்பாள். அந்தக் கோடியில் வீடு, வீட்டுக்கு மேல் மின்சாரக் கம்பி, அதற்கு மேல் வானம்.

"எம்புட்டு தூரத்துக்கு ஒண்ணுமே இல்ல பாரேன்க்கா" என்றாள்.

சாப்பாட்டுக் கடையில் இட்லி தின்றுவிட்டு, இன்னொரு வடை வேண்டும் என்று கேட்டு வாங்கினாள். என் வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா? "பாத்து தின்னு புள்ள. இப்பிடியே போனா திரும்பிப் போறப்ப பஸ்ல ஒனக்கு மட்டும் ரெண்டு சீட்டு எடுக்கணும்." அவள் சிரித்துவிட்டாள். வடையை வாயில் வைத்துக்கொண்டே, பல் தெரிய. நான் கை கழுவப் போகிற மாதிரி எழுந்து போய், குழாயைத் திறந்துவிட்டு அங்கேயே நின்றேன். முருகா, இன்றைக்கு மட்டும் இவளைத் தூங்க வைத்துவிடு, வேறு எதுவும் கேட்கமாட்டேன் என்று வேண்டிக்கொண்டேன்.

திரும்பி வந்தபோது வானம் மூடிக்கொண்டு வந்தது. புழுக்கம் தாங்கவில்லை. அவள் அறைக்குள் வராமல் கட்டிடத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள். நானும் பின்னாலேயே போனேன். நோனா சொன்னது உண்மைதான். சிமெந்து பூசின வாய்க்கால், அதில் கறுப்பாகக் கொஞ்சம் தண்ணீர், அந்தப் பக்கம் மதில், மதிலுக்கு மேல் யார் வீட்டுத் தென்னையோ ஒன்று. அவ்வளவுதான். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் அறைக்குள் வந்து, கட்டிலுக்குப் பின்னால் இருந்த சுவரில் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்த்தாள்.

"காஞ்சி இருக்குக்கா" என்றாள்.

லயத்தில் பின்சுவர் காய்ந்து நான் பார்த்ததே இல்லை. அடிக்கிற வெயில் காலத்திலும் ஈரம் இருக்கும், அதில் சாத்தின பாய் பூத்துப்போகும். பிறந்ததிலிருந்து ஈரச்சுவரை முதுகுக்கு வைத்துப் படுத்தவர்கள் நாங்கள். அவள் கையை எடுத்தாள். செருப்பைக் கழற்றினாள். இரண்டையும் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டுப் படுத்துக்கொண்டாள். சுவர்ப்பக்கமாகத் திரும்பிப் படுத்தவள், கொஞ்ச நேரத்தில் குறட்டை விட ஆரம்பித்தாள்.

சின்ன வயதில் அந்தக் குறட்டைக்காக அவளை எத்தனை உதை உதைத்திருக்கிறேன். இப்போது என் காதுக்கு அதைப்போல் ஒரு சங்கீதம் இல்லை. என் வீட்டுக்காரர் தும்மப் போனார். மூக்கைப் பிடித்து வெளியே தள்ளினேன். "போயி எங்கயாச்சும் சாப்பாட்டுப் பார்சல் வாங்கிட்டு மெதுவா வாங்க. அவசரமே இல்ல." அவரும் அவளை எட்டிப் பார்த்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

மழை பிடித்தது. கொழும்பு மழை எங்கள் மழை மாதிரி நாள்கணக்கில் நசநசக்காது, ஒரேயடியாகக் கொட்டும். இடி வேறு. எழுந்துவிடுவாளோ என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எழவில்லை. இன்னும் கொஞ்சம் சுருண்டு படுத்தாள். வாய் திறந்திருந்தது, தலையணையில் எச்சில் வழிந்திருந்தது. மழையில் தூங்குகிறாள்! டொக்டர் அம்மாவுக்கு உடனே போன் போட்டுச் சொல்ல வேண்டும் போல இருந்தது எனக்கு. கண் விழிக்கும்போது முகத்துக்கு நேரே நான் இருக்க வேண்டும், சிரித்த முகமாக இருக்க வேண்டும், தேத்தண்ணி குடிக்கிறியாடி என்று சும்மா கேட்க வேண்டும் என்றெல்லாம் நினைத்துக்கொண்டு அவள் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தேன்.

அப்போதுதான் கால் ஜில்லென்றது. கதவுக்குக் கீழே இருந்து தண்ணீர் வந்திருந்தது. யாரோ வாளியைக் கொட்டிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். சத்தம் போடாமல் எழுந்து, துண்டை எடுத்துக் கதவிடுக்கில் அடைத்தேன். துண்டு மிதந்து என்னிடமே திரும்பி வந்தது. சரி, ஓடிவிடும் என்று காத்திருந்தேன். எங்கள் ஊர்த் தண்ணீருக்கு ஓடத்தான் தெரியும். இந்தத் தண்ணீர் எங்கேயும் போகவில்லை. வந்து நின்றது, நின்றபடியே ஏறிற்று. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். வாய்க்காலைக் காணவில்லை. மதில்வரைக்கும் ஒரே மண்ணிறத் தண்ணீர்.

எழுப்ப வேண்டும் என்று தெரியும். கை போகவில்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று நின்றேன். தண்ணீர் இப்போதே வடிந்துவிட்டால், நான் தரையைத் துடைத்து வைத்துவிட்டால், அவளுக்குத் தெரியவே தெரியாதே. கட்டிலுக்குக் கீழே இருந்து அவளுடைய செருப்பு மிதந்து வந்தது. அதைப் பிடித்து ஜன்னல் கட்டையில் வைத்தேன், என்னமோ அதைச் செய்தால் போதும் என்கிற மாதிரி.

கதவைத் தள்ளிக்கொண்டு என் வீட்டுக்காரர் வந்தார். முழங்கால் வரைக்கும் சாரத்தைத் தூக்கிக் கட்டியிருந்தார், கையிலிருந்த பார்சலைத் தலைக்கு மேல் பிடித்திருந்தார்.

"என்னா பாத்துக்கிட்டு நிக்கிற? எழுப்பு அவள! ரோடெல்லாம் தண்ணி, மேல போகணும்!"

"மெதுவாங்க... இன்னுங் கொஞ்சம் தூங்கட்டும்ங்க."

"பைத்தியமா ஒனக்கு? அந்தா பாரு, பிளக்கு எங்க இருக்குன்னு. தண்ணி அதத் தொட்டா மூணு பேரும் போயிருவோம்!"

பார்த்தேன். தண்ணீருக்கும் பிளக்குக்கும் நடுவில் ஒரு சாணுக்கும் குறைவாகத்தான் இருந்தது. மாடிப்படியில் நின்று நோனா சிங்களத்தில் கத்துகிற சத்தமும் கேட்டது. சீக்கிரம் மேலே வாருங்கள் என்றுதான் கத்தினார். அதற்கு மேல் எனக்கு வேறு வழியில்லை. அவள் தோளைத் தொட்டேன். தொட்டதும் கண் திறந்தாள்.

கட்டிலைச் சுற்றி அந்த மண்ணிறத் தண்ணீரைப் பார்த்தாள். அலறுவாள் என்று நினைத்தேன். அலறவில்லை. சட்டென்று எழுந்து உட்கார்ந்தாள். எத்தனையோ மாதமாக நான் கேட்காத குரலில், வீட்டு வேலையைப் பங்கு போடுகிறவள் மாதிரி நிதானமாகச் சொன்னாள்.

"பாப்பாவ தூக்கிக்கக்கா."

நேரம் இருக்கிறது, எல்லோரும் தப்பிவிடலாம் என்று தெரிந்தவளின் குரல் அது. என் வீட்டுக்காரர் சுவரில் சாய்ந்துவிட்டார். நான், "தூக்கிட்டேன்டி. நீ போ, ஓடு" என்றேன். ஏன் அப்படிச் சொன்னாய் என்று யாரும் கேட்க வேண்டாம். வேறு எதைச் சொல்லியிருந்தாலும் அவள் அந்தத் தண்ணீருக்குள் கையை விட்டுத் தேட ஆரம்பித்திருப்பாள்.

ஓடினாள். வெறுங்காலோடு தண்ணீரை அடித்துக்கொண்டு வாசலைத் தாண்டி, மாடிப்படியில் இரண்டிரண்டாகத் தாவி ஏறினாள். மேல்படியில் நின்று மூச்சு வாங்கித் திரும்பினாள். என்னைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டினாள்.

"குடு" என்றாள்.

அந்த முகத்தை நான் என்னவென்று சொல்வேன். பாப்பா பிறந்த அன்றைக்கு வார்டில் பார்த்த முகம். நான் பாதிப்படியில் நின்றுவிட்டேன். மேலே போகவும் முடியவில்லை, கீழே இறங்கவும் முடியவில்லை. அவள் என் கையைப் பார்த்தாள். எனக்குப் பின்னால் வந்த என் வீட்டுக்காரரின் கையைப் பார்த்தாள். அவர் இன்னும் சாப்பாட்டுப் பார்சலைத் தலைக்கு மேல்தான் பிடித்திருந்தார். நீட்டின கை இரண்டும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கின. அப்படியே படியில் உட்கார்ந்தாள். நோனா ஒரு துணியை எடுத்து வந்து அவள் தோளில் போர்த்தினார். அதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

நான் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். கீழே தண்ணீரில் எங்கள் பை மிதந்துகொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு, என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"நா தூங்கிட்டேனாக்கா?"

ஆமாம் என்று சொல்வதற்காகத்தானே பதுளையிலிருந்து இவ்வளவு தூரம் வந்தோம். ஆமாடி என் கண்ணே, அசந்து தூங்கின, இடி இடிச்சும் எழும்பல, குறட்டைகூட விட்ட என்று சொல்லி, அவளைக் கட்டிக்கொண்டு சிரிக்கத்தானே காத்திருந்தேன்.

"இல்லடி" என்றேன். "நீ எங்க தூங்குன? முழிச்சுதான் இருந்த. நா பாத்துக்கிட்டேதான இருந்தேன்."